2147483647: நான் தோத்த எண், ஆய்லர் ஜெயிச்ச எண்



போன செமஸ்டர் பிளேஸ்மெண்ட் சீசன்ல ஒரு கம்பெனியோட ஆன்லைன் கோடிங் ரவுண்ட். மொத்தம் மூணு கேள்வி. முதல் கேள்வியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பே வந்துடுச்சு. ஒரு எண் கொடுப்பாங்க, அது பகா எண்ணா இல்லையான்னு சொல்லணும். அவ்வளவுதான். ஃபர்ஸ்ட் இயர் லேப்ல எல்லாரும் எழுதின அதே புரோகிராம். ரெண்டு நிமிஷத்துல ஜாவாவுல அடிச்சு சப்மிட் பண்ணிட்டேன்.

பத்து டெஸ்ட் கேஸ்ல ஒன்பது பச்சை. கடைசி ஒண்ணு மட்டும் சிவப்பு. டைம் லிமிட் தாண்டிடுச்சுன்னு வந்தது. எந்த எண்ணுக்கு அப்படி ஆச்சுன்னு காட்டலை. சரி, மத்த ரெண்டு கேள்விக்கு நேரம் போயிடுமேன்னு அதை விட்டுட்டுப் போயிட்டேன். ரெண்டு நாள் கழிச்சு லிஸ்ட் வந்தது. என் பேர் இல்லை. பக்கத்து ரூம் பையன் பேர் இருந்தது. மத்த ரெண்டு கேள்வியையும் நாங்க ரெண்டு பேருமே முழுசா போட்டிருந்தோம். வித்தியாசம் அந்த ஒரே ஒரு சிவப்புதான்.

அவன்தான் கேட்டான்: "மச்சி, கேள்வியில மேக்ஸிமம் வேல்யூ என்னன்னு பார்த்தியா?" பார்க்கலை. அப்புறம் அவன் எழுதி வச்சிருந்ததைக் காட்டினான். 2147483647.

அன்னைக்கு ராத்திரி என் லேப்டாப்ல அதே புரோகிராமுக்கு அந்த எண்ணைக் கொடுத்து ஓட விட்டேன். ஃபேன் சத்தம் போட ஆரம்பிச்சது. கொஞ்ச நேரம் கழிச்சு பதில் வந்தது: "பகா எண் அல்ல."

ஆனா அது பகா எண்! 1772-லேயே நிரூபிச்சு வெளியிட்டாச்சு. அப்போ என் புரோகிராம் மெதுவா மட்டும் ஓடலை, தப்பாவும் சொல்லியிருக்கு. அதுவும் 214 கோடிக்கு மேல வகுத்துப் பார்த்துட்டு தப்பா சொல்லியிருக்கு. லியோன்ஹார்ட் ஆய்லருக்கு அதிகபட்சம் 373 வகுத்தலே போதுமானதா இருந்தது. கையால.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்ததுன்னு புரிஞ்சுக்க எனக்கு ஒரு வாரம் ஆச்சு. அந்த ஒரு வாரத்துல கத்துக்கிட்டதைத்தான் இங்க எழுதறேன். நான் பள்ளி முழுக்க இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல கணக்கு எழுதறது இதுதான் முதல் தடவை, அதனால கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

முதல்ல எண்ணைப் பார்ப்போம்

நம்ம ஊர் முறையில கமா போட்டா 2,14,74,83,647. அதாவது இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. பத்து இலக்கம். பார்த்தா எந்த அழகும் இல்லாத, யாரோ ஒருத்தரோட போன் நம்பர் மாதிரி இருக்கும்.

ஆனா பைனரியில எழுதினா வேற மாதிரி இருக்கும். வரிசையா 31 ஒன்றுகள், நடுவுல ஒரு பூஜ்யம் கூட இல்லை. டெசிமல்ல 999 அப்படிங்கறது 1000-க்கு ஒண்ணு குறைவு இல்லையா? அதே மாதிரி இது 2³¹-க்கு ஒண்ணு குறைவு. அதாவது 2³¹ − 1.

ஜாவாவுல ஒரு 'இன்ட்' 32 பிட். நாம இன்னைக்குப் பயன்படுத்தற பெரும்பாலான சி கம்பைலர்கள்லயும் அப்படித்தான். அதுல மேல இருக்கற ஒரு பிட் மைனஸ் குறிக்குப் போயிடும். மீதி 31 பிட்டையும் ஒன்றா நிரப்பினா வர்றதுதான் இந்த எண். அதாவது ஒரு இன்ட்டுக்குள்ள அடங்கற ஆகப் பெரிய எண்.

அதோட ஒண்ணு கூட்டினா என்ன ஆகும்? எங்க அப்பாவோட பழைய மொபெட்ல கிலோமீட்டர் மீட்டர் அஞ்சு இலக்கம்தான். 99,999-க்கு அப்புறம் 00,000 வந்துடும். வண்டி புதுசாயிடலை, மீட்டர்ல இடம் இல்லை, அவ்வளவுதான். கம்ப்யூட்டர்லயும் அதேதான், ஒரே ஒரு வித்தியாசம். மேல் பிட்டுக்கு மதிப்பு மைனஸ்ல இருக்கு. சின்னதா நாலு பிட் எடுத்துக்கோங்க: 0111 அப்படின்னா 7. ஒண்ணு கூட்டினா 1000. ஆனா இங்க மேல் பிட்டோட மதிப்பு −8. ஆக 7-க்கு அடுத்தது −8! அதே மாதிரி ஜாவா இன்ட்ல 2147483647-க்கு அடுத்தது −2147483648. சுத்தி வந்து அடிமட்டத்துல விழுந்துடும். சி மொழியில இன்னும் மோசம். குறியுள்ள எண் இப்படி வழிஞ்சா என்ன நடக்கும்னு அந்த மொழியோட விதி எதையுமே உறுதி சொல்லலை.

என் புரோகிராம் ஏன் பொய் சொன்னது?

பகா எண்ணான்னு பார்க்க நாம எல்லாரும் எழுதற லூப் இதுதான்: ஐ அப்படிங்கற ஒரு இன்ட்டை 2-ல ஆரம்பி, ஐ × ஐ கொடுத்த எண்ணைத் தாண்டாத வரைக்கும் ஓட்டு, எங்கேயாவது மீதியில்லாம வகுபட்டா "பகா எண் அல்ல"ன்னு சொல்லு. வர்க்கமூலம் வரைக்கும் பார்த்தா போதும், ஏன்னா ரெண்டு காரணிகள்ல ஒண்ணாவது வர்க்கமூலத்தைத் தாண்டாது. லாஜிக் சரி.

இப்போ 2147483647-ஓட வர்க்கமூலம் 46340-க்கும் 46341-க்கும் நடுவுல இருக்கு. 46340-ஐ அதாலேயே பெருக்கினா 214,73,95,600. எல்லைக்கு உள்ளே. லூப் ஓடும். அடுத்து 46341-ஐ அதாலேயே பெருக்கினா 214,74,88,281 வரணும். இங்கதான் லூப் நிக்கணும். ஆனா இந்த விடை இன்ட்டுக்குள்ள அடங்காது. வழிஞ்சு −2147479015 ஆயிடும். "இது 2147483647-ஐத் தாண்டிடுச்சா?"ன்னு லூப் கேட்குது. மைனஸ் எண் எப்படித் தாண்டும்? இல்லைன்னு சொல்லி ஓடிக்கிட்டே இருக்கு.

யோசிச்சுப் பார்த்தா இது எப்பவுமே நிக்காது. ஏன்னா கொடுத்த எண்ணே இன்ட்டோட உச்ச எல்லை. எந்த இன்ட்டும் அதைத் தாண்டவே முடியாது! கடைசியா ஐயும் 2147483647-க்கு வந்து சேருது. தன்னைத் தானே வகுத்தா மீதி பூஜ்யம். "ஆஹா, வகுபடுது, பகா எண் அல்ல"ன்னு பெருமையா பதில் சொல்லுது.

திருத்தம் ரொம்பச் சின்னது. ஐ × ஐ-க்குப் பதிலா, எண்ணை ஐ-ஆல வகுத்து, ஐ அதைத் தாண்டாத வரைக்கும்னு எழுதினா போதும். பெருக்கல் இல்லை, வழிதலும் இல்லை. இல்லைன்னா ஐ-ஐ 'லாங்' ஆக்கணும். இதுல ஏதாவது ஒண்ணு பண்ணியிருந்தா 214 கோடி வகுத்தல் 46,339 ஆகியிருக்கும். சிவப்பு பச்சையாகியிருக்கும்.

சரி, பிரச்சினை தீர்ந்தது. ஆனா 46,339-ஐ ஆய்லர் எப்படி 373-க்குக் கொண்டு வந்தார்ங்கற கேள்வி என்னை விடலை.

31 ஒன்றுகள்ல 31 ஏன் முக்கியம்?

2-இன் அடுக்குல இருந்து ஒண்ணு கழிச்சு வர்ற பகா எண்களுக்கு மெர்சேன் பகா எண்கள்னு பேர். 17-ஆம் நூற்றாண்டுல பிரான்ஸ்ல வாழ்ந்த மரீன் மெர்சேன்ங்கற துறவியோட பேர்.

இங்க ஒரு விதி: அடுக்கு பகு எண்ணா இருந்தா, விடையும் பகு எண்தான். இதுக்கு நிரூபணம் கண்ணாலேயே பார்க்கலாம். 2¹⁵ − 1 எடுத்துக்கோங்க, பைனரியில 15 ஒன்றுகள். மூணு மூணா பிரிங்க: 111 111 111 111 111. டெசிமல்ல 999999 அப்படிங்கறது 999-ஆல வகுபடுதுன்னு பார்த்தாலே தெரியும். அதே மாதிரி இதுவும் 111-ஆல, அதாவது 7-ஆல வகுபடும். 32767 = 7 × 4681. அஞ்சு அஞ்சா பிரிச்சா 31-ஆலயும் வகுபடும்.

இதை வச்சு நம்ம டேட்டா டைப்களைப் பாருங்க. 8 பிட் எல்லை 2⁷ − 1 = 127, பகா எண். 16 பிட் எல்லை 2¹⁵ − 1 = 32767, பகா எண் இல்லை. 32 பிட் எல்லை 2³¹ − 1, பகா எண். 64 பிட் எல்லை 2⁶³ − 1. 63-ஐ 3 வகுக்கும், அதனால இது 7-ஆல வகுபட்டுடும். ஆக நம்ம இன்ட்டோட எல்லை பகா எண்ணா அமைஞ்சது யாரும் திட்டம் போட்டுப் பண்ணது இல்லை. 32-ல ஒண்ணு குறைச்சா 31 வருது, அது ஒரு அதிர்ஷ்டம்.

ஆனா அடுக்கு பகா எண்ணா இருந்தா மட்டும் போதாது. 11 பகா எண்தான், ஆனா 2¹¹ − 1 = 2047 = 23 × 89. இந்த இடத்துலதான் பெரிய ஆட்களே தடுக்கி விழுந்தாங்க. இத்தாலிக்காரர் கட்டால்டி 1588-ல 2¹⁷ − 1, 2¹⁹ − 1 ரெண்டும் பகா எண்கள்னு ஒவ்வொண்ணா வகுத்துப் பார்த்துச் சரியா காட்டினார். அதோட நிறுத்தாம 23, 29, 31, 37 அடுக்குகளுக்கும் அப்படித்தான்னு சொல்லிட்டார். அதுல 31 மட்டும்தான் சரி. மெர்சேன் 1644-ல கொடுத்த பட்டியல்லயும் 31 இருந்தது. ஆனா அவர் பட்டியல்ல 67, 257 தப்பா உள்ளே வந்துடுச்சு. 61, 89, 107 விட்டுப் போச்சு. ஆக 31-ஐப் பத்தி ரெண்டு பேர் சரியா சொல்லியிருந்தாங்க, ஆனா ஆய்லருக்கு முன்னாடி யாரும் நிரூபிக்கலை.

வகுக்கறதுக்கு முன்னாடி வடிகட்டு

ஆய்லர் பண்ணது இதுதான். வகுக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, "இந்த எண்ணை வகுக்கற தகுதி யாருக்கு இருக்கு?"ன்னு கேட்டார். ரெண்டு வடிகட்டி போட்டார். இன்னைக்கு நாம சொல்ற முறையில அதை எழுதறேன். நிதானமா படிங்க, பேப்பர் பேனா இருந்தா நல்லது.

க அப்படிங்கற ஒரு பகா எண் 2³¹ − 1-ஐ மீதியில்லாம வகுக்குதுன்னு வச்சுக்குவோம்.

முதல் வடிகட்டி: அப்போ 2³¹-ஐ க-ஆல வகுத்தா மீதி 1. இப்போ 2, 4, 8, 16 என்று 2-இன் அடுக்குகளை வரிசையா க-ஆல வகுத்து மீதிகளை எழுதுங்க. எப்போ மீதி 1 வருதோ, அதுக்கப்புறம் முதல்ல இருந்து அதே மீதிகள் திரும்ப வரும். பஸ் ரூட் மாதிரி ஒரு சுற்று. 31-ஆவது இடத்துல மீதி 1 வருதுன்னா, சுற்றோட நீளம் 31-ஐ வகுக்கணும். 31 பகா எண், அதனால நீளம் 1 இல்லைன்னா 31. நீளம் 1-ன்னா 2-ஐ வகுத்தாலே மீதி 1 வரணும், அது நடக்காது. ஆக நீளம் 31.

இன்னொரு பக்கம் ஃபெர்மாவோட சிறிய தேற்றம் இருக்கு. 2-இன் அடுக்கு (க − 1)-ஐ க-ஆல வகுத்தாலும் மீதி 1-தான். அதாவது (க − 1)-ஆவது இடத்துலயும் சுற்று முடியணும். அப்போ க − 1, 31-ஓட மடங்கு. க ஒற்றைப்படை, அதனால க − 1 இரட்டைப்படை. ரெண்டும் சேர்ந்தா க − 1, 62-ஓட மடங்கு. வேட்பாளர்கள் 63, 125, 187, 249, 311 இப்படி 62, 62-ஆ தாவித்தான் வர முடியும்.

இந்த ஒரு வடிகட்டியோட பலத்தைப் பாருங்க. கட்டால்டி 2²³ − 1 பகா எண்ணுன்னு சொன்னார் இல்லையா? அதுக்கு வேட்பாளர்கள் 46-ஓட மடங்கை விட ஒண்ணு கூட. முதல் வேட்பாளரே 47. வகுத்துப் பாருங்க: 8388607 = 47 × 178481. முதல் அடியிலேயே கேஸ் முடிஞ்சது. 1640-ல ஃபெர்மா இதைக் கண்டுபிடிச்சார்.

ரெண்டாவது வடிகட்டி: 2³¹-க்கு மீதி 1-ன்னா, 2³²-க்கு மீதி 2. ஆனா 2³² அப்படிங்கறது 2¹⁶-ஓட வர்க்கம். அதாவது க-ஆல வகுத்து மீதி பார்க்கற உலகத்துல 2 ஒரு முழு வர்க்கமா நடந்துக்குது. இந்த குணம் எல்லாப் பகா எண்ணுக்கும் கிடையாது. 8-ஆல வகுத்தா 1 அல்லது 7 மீதி வர்ற பகா எண்களுக்கு மட்டும்தான் உண்டு. இது எண் கோட்பாட்டுல நிரூபிச்ச ஒரு தேற்றம், அதை அப்படியே எடுத்துக்குவோம்.

நம்ம வேட்பாளர்களை 8-ஆல வகுத்துப் பாருங்க. 63-க்கு மீதி 7, இருக்கட்டும். 125-க்கு 5, வெளியே. 187-க்கு 3, வெளியே. 249-க்கு 1, இருக்கட்டும். 311-க்கு 7, இருக்கட்டும். நாலுல ரெண்டு காலி. மிச்சம் இருக்கறது ரெண்டே ரெண்டு வகை: 248-ஓட மடங்கோட 1 கூட்டினது, இல்லைன்னா 63 கூட்டினது.

46340 வரைக்கும் எண்ணினா முதல் வகையில 186, ரெண்டாவது வகையில 187. மொத்தம் 373. இதுலயும் பகா எண்களை மட்டும் வகுத்தா போதும். 63 பகு எண், 249 = 3 × 83, அதனால அதுவும் வேண்டாம். முதல் உண்மையான வகுத்தல் 311-ஆல. மீதி 35. வகுபடலை. இப்படியே போனா கடைசி வரைக்கும் ஒண்ணும் வகுக்காது. ஆக 2147483647 பகா எண்.

இந்த முடிவைச் சொல்லி ஆய்லர் பெர்னூலிக்கு எழுதின கடிதம் 1772-ல வெளியாச்சு. அந்தக் காலகட்டத்துல அவர் பார்வையை ஏறக்குறைய முழுசா இழந்திருந்தார். அதுக்கப்புறம் பல பத்தாண்டுகளுக்கு, மனுஷனுக்குத் தெரிஞ்ச ஆகப் பெரிய பகா எண் இதுவாத்தான் இருந்தது.

373-ல இருந்து 29

இன்னும் குறைக்கலாம். 1870-கள்ல பிரான்ஸ்ல எட்வார்ட் லூகாஸ் ஆரம்பிச்சு, 1930-ல அமெரிக்காவுல டி. எச். லேமர் செம்மைப்படுத்தின சோதனை ஒண்ணு இருக்கு. மெர்சேன் எண்களுக்கு மட்டும்தான் பொருந்தும். 4-ல ஆரம்பிங்க. ஒவ்வொரு தடவையும் வர்க்கம் எடுத்து 2 கழிங்க, சோதிக்கற எண்ணால வகுத்து மீதியை மட்டும் வச்சுக்கோங்க. அடுக்குல 2 குறைச்சு அத்தனை தடவை பண்ணின பிறகு பூஜ்யம் வந்தா பகா எண், வரலைன்னா இல்லை.

31-க்கு, அதாவது 2⁵ − 1-க்கு, பார்ப்போம். அடுக்கு 5, மூணு தடவை பண்ணணும். 4. வர்க்கம் 16, கழிச்சா 14. வர்க்கம் 196, கழிச்சா 194, 31-ஆல வகுத்தா மீதி 8. வர்க்கம் 64, கழிச்சா 62, மீதி 0. பகா எண்.

2147483647-க்கு 29 தடவை பண்ணினா போதும். என் புரோகிராமோட 214 கோடி, சரியா எழுதினா 46,339, பகா எண்களை மட்டும் எடுத்தா சுமார் 4,800, ஆய்லருக்கு 373, லூகாஸ் லேமர் சோதனைக்கு 29. அதே எண், அதே கேள்வி. இந்தச் சோதனையோட துணையாலதான் 2024 அக்டோபர்ல 2-இன் அடுக்கு 13,62,79,841-ல இருந்து ஒண்ணு கழிச்ச எண் பகா எண்ணுன்னு உறுதி பண்ணாங்க. அதுக்கு 4,10,24,320 இலக்கம்.

"இதனால என்ன யூஸ்?"

வீட்டுல, ஹாஸ்டல்ல, எங்க சொன்னாலும் வர்ற கேள்வி இது. 1811-லேயே வந்திருக்கு. மெர்சேன் பகா எண்களுக்கும் நிறைவெண்களுக்கும் ஒரு சொந்தம் உண்டு. நிறைவெண்ணுன்னா, தன்னைத் தவிர மத்த வகுத்திகளைக் கூட்டினா தானே திரும்ப வர்ற எண். 6 = 1 + 2 + 3. 28 = 1 + 2 + 4 + 7 + 14. 6 அப்படிங்கறது 2 × 3, 28 அப்படிங்கறது 4 × 7. இதே வரிசையில நம்ம எண்ணை 2³⁰-ஆல பெருக்கினா 2305843008139952128 வரும். அதுவும் நிறைவெண்தான். இங்கிலாந்துக்காரர் பீட்டர் பார்லோ 1811-ல எழுதின எண் கோட்பாட்டுப் புத்தகத்துல, இதுக்கு மேல யாரும் ஒரு நிறைவெண்ணைத் தேட மாட்டாங்கன்னு எழுதினார். காரணம், வேடிக்கைக்கே தவிர இதனால பயன் இல்லை.

1876-ல லூகாஸ் 2¹²⁷ − 1 பகா எண்ணுன்னு காட்டினார், 1883-ல பெர்வுஷின் 2⁶¹ − 1 பகா எண்ணுன்னு காட்டினார். பார்லோவோட கணிப்பு அங்கேயே உடைஞ்சது. பயன் இல்லைங்கறதும் நிக்கலை. 1988-ல பார்க், மில்லர் ரெண்டு பேரும் ராண்டம் எண் உருவாக்க ஒரு குறைந்தபட்சத் தரம் இருக்கணும்னு சொல்லி முன்வச்ச முறை இது: இருக்கற எண்ணை 16807-ஆல பெருக்கு, 2147483647-ஆல வகுத்து மீதியை எடு. 1-ல ஆரம்பிச்சா 16807, 282475249, 1622650073 இப்படிப் போகும். 1-ல இருந்து 2147483646 வரைக்கும் ஒவ்வொரு எண்ணையும் ஒரே ஒரு தடவை தொட்டுட்டுத்தான் திரும்ப 1-க்கு வரும். வகுக்கற எண் பகா எண்ணா இருக்கறதாலதான் இப்படி ஒண்ணு கூட விடாம சுத்த முடியுது. 16807 அப்படிங்கறது 7⁵. சி++ ஸ்டாண்டர்ட் லைப்ரரியில இன்னைக்கும் இந்த முறை இருக்கு. பாஸ்வேர்டுக்கெல்லாம் இதைப் பயன்படுத்தாதீங்க, அடுத்த எண்ணை யார் வேணும்னாலும் கணக்கு போட்டுடலாம்.

தெரியாம மோதினவங்க

நான் மட்டும் இந்த எண்ணுல மோதலைங்கறதுல ஒரு ஆறுதல். 2014 டிசம்பர்ல 'கங்னம் ஸ்டைல்' பாட்டோட பார்வை எண்ணிக்கை இந்த எல்லைக்கு வந்ததால, கவுண்டரை 64 பிட்டுக்கு மாத்தினதா யூடியூப் சொன்னது.

2015-ல அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் போயிங் 787-க்கு ஒரு உத்தரவு போட்டது. மின்சாரத்தை நிறுத்தாம 248 நாள் தொடர்ந்து ஓட விட்டா, ஜெனரேட்டர் கண்ட்ரோல் யூனிட்ல ஒரு சாஃப்ட்வேர் கவுண்டர் வழிஞ்சு மின்சாரமே போயிடலாம், அதனால அதுக்கு முன்னாடியே அணைச்சுப் போடுங்கன்னு. 248 நாள் எங்கிருந்து வருது? 2³¹-ஐ விநாடியில நூறில் ஒரு பங்கா எடுத்துக் கணக்கு போட்டுப் பாருங்க. 248.55 நாள் வரும். ஆய்லரோட 248-ம் இந்த 248-ம் ஒண்ணா வந்தது வெறும் தற்செயல்தான், ஆனா பார்த்தப்போ எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பைனரி சர்ச் கூட தப்பலை. நடு இடம் கண்டுபிடிக்க ரெண்டு முனையையும் கூட்டி ரெண்டால வகுக்கறோம் இல்லையா? அந்தக் கூட்டல் இந்த எல்லையைத் தாண்டும்னு ஜாவா லைப்ரரியில இருந்த பிழையை ஜோஷுவா பிளாக் 2006-ல எழுதினார். அந்த கோடை எழுதினதும் அவரேதான். கீழ் முனையோட, வித்தியாசத்துல பாதியைக் கூட்டினா பிரச்சினை இல்லை.

இனிமே வரப்போறதும் ஒண்ணு இருக்கு. 1970 ஜனவரி 1-ல இருந்து விநாடிகளை 32 பிட்ல எண்ணிக்கிட்டு இருக்கற சிஸ்டம்கள் 2038 ஜனவரி 19, நம்ம நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு இந்த எண்ணைத் தொடும். அடுத்த விநாடி 1901-க்குப் போயிடும். புது 64 பிட் கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் இதைத் தாண்டியாச்சு. ஆனா ஏதோ ஒரு ஃபேக்டரியில, ஏதோ ஒரு மீட்டருக்குள்ள பழைய சிப் ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். அன்னைக்கு நமக்கெல்லாம் முப்பது வயசுக்கு மேல ஆகியிருக்கும். அதைச் சரி பண்ணப் போறது நாமதான்.

கடைசியா

பிளேஸ்மெண்டுக்குத் தயாராகற ஜூனியர்ஸ், மூணு விஷயம். ஒண்ணு, கேள்வியில எல்லை கொடுத்திருந்தா முதல்ல அதைப் படிங்க. 2147483647-னு பார்த்தா அது சும்மா கொடுத்தது இல்லை. ரெண்டு, கோடுல எங்கெல்லாம் பெருக்கலும் கூட்டலும் வருதோ, அங்க அதிகபட்சம் எவ்வளவு வரும்னு பேப்பர்ல போட்டுப் பாருங்க. 50,000-ஐ 50,000-ஆல பெருக்கினாலே இன்ட் வழிஞ்சுடும். மூணு, பைத்தான்ல முழு எண்ணுக்கு இந்த எல்லை இல்லைன்னு நிம்மதியா இருக்காதீங்க. வழியாது, ஆனா 214 கோடி தடவை ஓடற லூப் அங்கேயும் 214 கோடி தடவைதான் ஓடும்.

வீட்டுப்பாடமும் ரெண்டு உண்டு. அந்த 373 வேட்பாளர்கள்ல உண்மையான பகா எண்கள் எத்தனை? லூகாஸ் லேமர் சோதனையை 29 தடவை ஓட்டி பூஜ்யம் வருதான்னு பாருங்க; அதுக்கு இன்ட் போதுமா, லாங் வேணுமா, ஏன்? விடையை நம்ம இதழுக்கு அனுப்புங்க.

அப்புறம், அடுத்த மாசமே இன்னொரு கம்பெனியோட ரவுண்ட் வந்தது. கேள்வி திறந்ததும் கீபோர்டைத் தொடாம முதல் அஞ்சு நிமிஷம் பேப்பர்ல எழுதிக்கிட்டே இருந்தேன். பக்கத்து ரூம் பையன் அப்புறமா கேட்டான், "என்னடா, எக்ஸாம் ஹால்ல ரஃப் வொர்க் போடற மாதிரி உட்கார்ந்திருந்தியே"ன்னு. ஆமாம்டா, அதைத்தான் போட்டுக்கிட்டு இருந்தேன்.